பூட்டிய வீட்டுக்கு மறுபடியும் போங்கள்

கேள்வி: எங்கள் பகுதி சுகாதாரக் குழுவில் நான் உறுப்பினர். அடுத்த ஆண்டுத் திட்டத்துக்காக 64 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கைபேசியில் அனுப்பினோம். 800 பேர் பதில் அனுப்பியிருக்கிறார்கள். அதை வைத்தே திட்டம் போட்டுவிடலாமா? வீடு வீடாகப் போய்க் கேட்டே ஆகவேண்டும் என்று குழுவில் இரண்டு பேர் பிடிவாதமாக நிற்கிறார்கள்.

பதில்: நான் அந்த இரண்டு பேரின் பக்கம்.

800 பேரும் தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள். கைபேசி இல்லாத முதியவரும், எழுத்துக்கூட்டிப் படிப்பவரும், வேலை முடிந்து அசந்துபோய் வரும் தாயும் அதில் இருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் திட்டம் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிக் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் 210 குழந்தைகளைத்தான் பார்த்தார்கள். 30 இடங்கள், இடத்துக்கு 7 குழந்தைகள். மக்கள்தொகைக்கு ஏற்பக் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்தெடுத்ததால், உண்மை நிலவரத்தை ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி முன்பின்னாகச் சொல்ல அதுவே போதுமானதாக இருந்தது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அது மொத்தப் பகுதிக்கான கணக்கு. ஒரு தெருவில் பார்த்த 7 குழந்தைகளை வைத்து அந்தத் தெருவைப் பற்றி முடிவுக்கு வரக்கூடாது.

நான் கணக்கெடுப்பு மேற்பார்வையாளராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பகல் பதினொரு மணிக்குப் போனால் பாதிக் கதவுகள் பூட்டியிருக்கும். எங்கள் ஆட்கள் சாக்கட்டியால் கதவில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டில் கேட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிடுவார்கள். படிவங்கள் நிறைந்தன, தடுப்பூசி நிலவரமும் நன்றாக இருப்பதுபோலவே தெரிந்தது. மனசு கேட்காமல் ஒருநாள் இரவு ஏழரைக்கு, சாக்கட்டிக் குறி போட்ட வீடு ஒன்றைத் தட்டினேன். அந்த அம்மா தலையணைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துக் கொடுத்தார். முதல் இரண்டு தவணைக்கும் தேதி இருந்தது. மூன்றாவது கட்டம் காலி. "முகாம் காலையில்தானே நடக்கிறது, லீவு போட்டால் சம்பளம் போய்விடும்" என்றார். அக்கறை இல்லாதவரா அந்த உறையை அப்படிக் காப்பாற்றி வைத்திருப்பார்? குறி போட்ட மற்ற வீடுகளுக்கும் போனோம், பல வீடுகளில் இதே கதைதான். அதற்குப் பிறகு மாலை நேர முகாம் வந்தது.

அட்டையைப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. "ஊசி போட்டாச்சா?" என்று வாயால் கேட்டிருந்தால், "போட்டாச்சு" என்றுதான் சொல்லியிருப்பார். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, இறப்பு நடந்த வீடுகளில் எந்தக் கம்பெனியின் குடிநீர் வருகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் விசாரித்தார். பல வீடுகளில் அது யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பகுதிக்குக் குடிநீர் கொடுத்த இரு கம்பெனிகளின் நீரிலும் இருந்த உப்பின் அளவில் பெரிய வித்தியாசம் இருந்ததால், தண்ணீரை எடுத்துச் சோதித்தே கண்டுபிடித்தார். மக்களுக்குத் தெரிய வழியில்லாததை அவர்களிடம் கேட்காதீர்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாபகத்தை நம்பித்தான் கேட்க வேண்டுமென்றால், "குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருமா?" என்பதை விட்டுவிட்டு "கடந்த இரண்டு வாரத்தில் வந்ததா?" என்று கேளுங்கள்.

சரி, 64 கேள்விகளை என்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஆம் என்று வந்தால் என்ன செய்வோம், இல்லை என்று வந்தால் என்ன செய்வோம் என்று எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் இல்லாத கேள்வியை அடித்துவிடுங்கள். அடுத்தவர் நேரம் அது. கைபேசியில் வந்த பதில்களைத் தூக்கிப் போட வேண்டாம், வீடுகளில் கிடைப்பதோடு ஒப்பிட உதவும். அப்புறம், மாலை ஏழு மணிக்கு மேல் தெருவில் இறங்க யார் யார் தயார் என்று இந்த வாரக் கூட்டத்திலேயே பெயர் எழுதி வாங்கிவிடுங்கள். பிடிவாதமாக நிற்கும் அந்த இருவரிடமிருந்தே தொடங்கலாம்.