சோற்றைச் சுருட்டும் ஜப்பானியக் கடற்பாசித் தாளான நோரி ஏன் ரப்பர் போல இழுக்கிறது, சுருட்டினால் ஏன் கிழிகிறது?

கடித்தால் இழுக்கிறது என்றால் தாள் நமுத்துவிட்டது. ஒரு முழுத் தாள் 21 × 19 செ.மீ., எடை சுமார் 3 கிராம்தான். மழைநாளில் பிரித்துப் போட்டால் சில நிமிடங்களிலேயே துவண்டுவிடும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். கருஞ்சிவப்பு சாயலில் கறுப்பாக இருந்தால் அது வாட்டாத ஹோஷி நோரி. கரும்பச்சை என்றால் வாட்டிய யாகி நோரி. இரண்டும் ஒரே பாசிதான். சூட்டில் சிவப்பு நிறமி சிதைந்ததும் பச்சையம் வெளியே தெரிகிறது. நமுத்த தாளையும் வாட்டாத தாளையும் ஒரே மாதிரி வாட்டலாம்: இரண்டு தாள்களைப் பளபளப்பான முகங்கள் ஒட்டும்படி சேர்த்து, மிதமான தீக்கு 10 செ.மீ. மேலே, பக்கத்துக்கு இரண்டு மூன்று முறை வீசியபடி காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் சுருங்கிக் கசக்கும். மூலையை மடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம்.

கிழிவதற்குப் பெரும்பாலும் சோறுதான் காரணம். ஆவி பறக்கும் சோற்றை வைத்தால் தாள் சுருங்கி ஓட்டை விழும். ஃபிரிட்ஜில் வைத்த சோறோ விறைத்து ஒட்டாது. கைச்சூட்டில் இருக்கட்டும். ஹோசோமாகி என்ற மெல்லிய சுருளுக்குப் பாதித் தாள், 80 கிராம் வினிகர் சோறு போதும். சொரசொரப்பான பக்கம் மேலே. எதிர் ஓரத்தில் 1 செ.மீ. விட்டு, சோற்றை அழுத்தாமல் பரப்புங்கள். கையை நனைத்தால் உதறிவிடுங்கள், தாளில் சொட்டிய இடம்தான் முதலில் பிய்யும். வெள்ளரிக்காயை விதை நீக்கித் துடைத்து வையுங்கள். ஓரத்தை ஒட்டத் தண்ணீர் தடவ வேண்டாம். ஒட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு நிமிடம் வைத்தால் சோற்று ஈரமே ஒட்டிவிடும். வெட்டும்போது ஒவ்வொரு முறையும் கத்தியை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் தாள் கசங்கும்.

எப்படிச் செய்தாலும் சுருட்டிய உடனே சாப்பிட்டால்தான் மொறுமொறுப்பு. ஜப்பானியக் கடைகளில் ஓனிகிரி என்ற சோற்று உருண்டையின் தாளுக்கும் சோற்றுக்கும் நடுவே பிளாஸ்டிக் படலம் வைப்பதும் இதற்குத்தான்.

மீதியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள்; அறைச்சூட்டுக்கு வரும்முன் திறந்தால் பனித்து எல்லாம் பாழ். வாட்டியும் தேறாத தாள் இருந்தால் சுகுதானி என்ற தொக்கு செய்யலாம்: 5 தாளைக் கிழித்து 100 மி.லி. தண்ணீரில் ஊறவைத்து, சோயா சாஸ், மிரின் (இனிப்பான அரிசி மது) தலா ஒன்றரை மேசைக்கரண்டி சேர்த்து, சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். கரண்டியால் இழுத்த தடம் உடனே மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம்.