அரை நைட் சண்டையும் ஏசி சண்டையும்: மேலாளர்கள் கேட்டவை, என் பதில்கள்

சேலம் பக்கம் ஒரு நூற்பு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்து, 26 வருடம் கழித்து பர்சனல் மேனேஜராக வெளியே வந்தவள் நான். இப்போது பட்டறை, எஸ்டேட், கம்பெனி என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போய்ப் பஞ்சாயத்து பேசுவதுதான் பிழைப்பு. வந்த கேள்விகளைச் சுருக்கி, ஆள் யாரென்று தெரிகிற விவரங்களை எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறேன்.

கே: அக்கா, எங்கள் மில்லில் ராத்திரி 12 மணிக்கு முடிகிற அரை நைட் ஷிப்ட் சூப்பர்வைசருக்கும், 12 மணிக்கு ஆரம்பிக்கிற முழு நைட் சூப்பர்வைசருக்கும் ஆகவே ஆகாது. மெஷினை அழுக்காகப் போட்டுவிட்டுப் போகிறார் என்று இவர், வேண்டுமென்றே குறை சொல்கிறார் என்று அவர். கூப்பிட்டுக் கைகொடுக்க வைத்தேன், மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

ப: ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு, நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷின் பக்கத்தில் போய் நின்று பார்த்தீர்களா? எங்கள் மில்லிலும் இதே கதைதான். முதலில் நானும் இரண்டு பேரையும் ஆபீசில் உட்கார வைத்து அறிவுரை சொன்னேன், தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் நான்கு ராத்திரி அங்கேயே போய் நின்றேன். அரை நைட் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது நூல் சுற்றுகிற கதிர் ஏறக்குறைய நிறைந்திருக்கும். நிறைந்த கதிர்களைக் கழற்றி எடுப்பதுதான் டாஃப். அந்த டாஃபை 12 மணிக்குள் எடுத்துவிட்டால் அது அரை நைட் கணக்கு, விட்டுவிட்டால் முழு நைட் கணக்கு. அதனால் அரை நைட் சூப்பர்வைசர், துடைக்கிற ஆள் உட்பட எல்லோரையும் டாஃப் எடுக்க இழுத்துவிடுவார். அடுத்த ஷிப்ட் உள்ளே வரும்போது ரோலர் எல்லாம் பஞ்சு, பாதி இழை அறுந்து கிடக்கும், அதைச் சேர்ப்பதிலேயே அரை மணி போய்விடும். நாங்கள் போட்ட கணக்குதான் அவர்களை அடித்துக்கொள்ள வைத்தது, இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. டாஃபை வைத்து எண்ணுவதை விட்டுவிட்டு, 12 மணிக்கு, நூற்ற நூலின் நீளத்தை எண்ணுகிற ஹேங்க் மீட்டரில் என்ன காட்டுகிறதோ அதுதான் அந்த ஷிப்ட் உற்பத்தி என்று மாற்றினோம். போகிறவரும் வருகிறவரும் பத்து நிமிடம் சேர்ந்து நடந்து பார்த்து, ஒரே நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றோம். அவர்கள் அதற்கப்புறமும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகவில்லை. போகட்டும், மெஷின் சுத்தமாக இருந்தது.

கே: ஆபீசில் ஏசியை 18ல் வை, 24ல் வை என்று தினமும் சண்டை. நடுவில் 22 வைத்தேன், இப்போது இரண்டு பக்கமும் என் மேல் கோபம். சின்ன விஷயம்தான் மேடம், ஆனால் முடியவில்லை.

ப: சின்ன விஷயம் இல்லை, நிர்வாகவியலில் பெரிய பெயர் வாங்கிய சண்டையே இதுதான். மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925ல் ஓர் உரையில் சொன்னது. ஹார்வர்டு நூலகத்தில் ஒரு சின்ன அறை, ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூட வேண்டும். பாதி திறப்பது பற்றி அவர்கள் பேசவே இல்லை, ஆள் இல்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அவருக்கு வேண்டியது காற்று, ஃபாலெட்டுக்கு வேண்டாதது வாடைக்காற்று நேராக மேலே படுவது, அவ்வளவுதான். நீங்கள் 22 வைத்தது ஜன்னலைப் பாதி திறந்த கதை. 18 கேட்கிறவர் வெயில் அடிக்கிற மேற்குச் சுவர் ஓரம் இருக்கிறாரா, 24 கேட்கிறவர் தலைக்கு நேர் மேலே ஏசி இருக்கிறதா என்று பாருங்கள். இடத்தை மாற்றினால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

கே: செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்துக் கொலுசுப் பட்டறை. சேதாரம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு பழைய ஆள் மேல் சந்தேகம். கேட்டால் “உங்கப்பா ஒரு நாள் இப்படிக் கேட்டதில்லை” என்கிறார், அப்பாவும் அவர் பக்கம்தான்.

ப: காலையில் வெள்ளியை அவர் பெயரில் எழுதிக் கொடுக்கிறீர்கள், சாயங்காலம் முடிந்த கொலுசை எடை போடுகிறீர்கள், சரிதானே? நடுவில் கம்பி இழுப்பவர், சங்கிலி கோப்பவர், பற்று வைப்பவர், சலங்கை கட்டுபவர், மெருகு போடுபவர் என்று எத்தனை கை மாறுகிறது! குறைகிற எடையெல்லாம் நோட்டில் பெயர் இருக்கிறவர் தலையில் விழுகிறது. கை மாறும்போதெல்லாம் தராசில் வையுங்கள். தராசு காட்டுகிற எடை, கொடுப்பவர் வாங்குபவர் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், முதல் எடை நீங்கள் கொடுக்கிற வெள்ளிக்கு. அராவும்போதும் மெருகு போடும்போதும் உண்மையிலேயே போகிற தூசி எவ்வளவு என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். அதுவரை சந்தேகம் என்ற வார்த்தையே உங்கள் வாயில் இருந்து வரக் கூடாது. அப்பாவிடம் முதலில், வீட்டில் வைத்துப் பேசுங்கள், பட்டறையில் ஆட்கள் முன்னால் அப்பாவை மறுத்துப் பேசினால் அங்கேயே தோற்றீர்கள். எடையே அந்த ஆள் மேல் கைகாட்டினால், நோட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

கே: முதலாளி ஒன்று சொல்கிறார், அவர் தம்பி வேறொன்று சொல்கிறார். நான் நடுவில்.

ப: தூது போகாதீர்கள். இரண்டு உத்தரவையும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும் நேரமாகப் பார்த்து, “அண்ணா, எதை முதலில் செய்யட்டும்?” என்று மட்டும் கேளுங்கள். எது சரி என்று உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டால் ஒருவர் ஆளாகிவிடுவீர்கள், பங்காளிகள் நாளைக்கு ஒன்று சேர்ந்துகொள்வார்கள்.

கே: ஏற்காட்டில் காபி எஸ்டேட் பார்க்கிறேன். சிவந்த பழம் மட்டும் பறியுங்கள் என்றால் பச்சையும் கலந்து வருகிறது. கூலியில் பிடித்தேன், ஆறு பேர் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள்.

ப: நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை பறிப்பு நேரம், அப்போது போய் ஆளை விரட்டினீர்களே! கூலி கிலோவுக்கு, நீங்கள் கேட்பது நிறம். பச்சைக்காய்க்கும் எடை உண்டு, அவர்களைச் சொல்லி என்ன? மலையில் எனக்குத் தெரிந்த ஓர் எஸ்டேட்டில் இதே தகராறு. அராபிகா காபி, பூக்க வைக்கிற மழைக்குத் தகுந்தபடி தவணை தவணையாகப் பூக்கிற செடி, ஒரே கிளையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே நிற்கும், எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். மேனேஜர், களத்துக்கு வந்ததும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். பெண்களோ, நாலு மணி ஜீப்பை விட்டால் வீட்டுக்கு எப்படிப் போவது என்றார்கள். பழத்தை அன்றைக்கே தோல் உரிக்கிற பல்பர் மெஷினில் போட்டாக வேண்டும் என்பதால் அவராலும் தள்ளிவைக்க முடியாது. இரண்டு பக்கமும் சொன்னது நியாயம். கடைசியில் வயதான ஓர் அம்மாதான், “இடுப்புல ரெண்டு பை கட்டிக்கறோம் சார், கை பறிக்கும்போதே பிரிச்சிடும்” என்றார். சிவப்புக்கு ஒரு ரேட், பச்சைக்குக் குறைந்த ரேட். முதல் வாரம் மொத்த எடை குறைந்தது, முதலாளி போனில் கத்தினார், மேனேஜர் தாங்கிக்கொண்டார். நீங்களும் ஒரு வாரம் திட்டு வாங்கத் தயாராக இருந்தால்தான் இதில் இறங்க வேண்டும். போன ஆறு பேரை நேரில் போய்க் கூப்பிடுங்கள், மேஸ்திரியை அனுப்பாதீர்கள்.

கே: புது யோசனை சொல்லுங்கள் என்று பெட்டி வைத்தோம். கேன்டீன் சாம்பார், கக்கூஸ் தாழ்ப்பாள் என்று குறையாகவே வருகிறது.

ப: தாழ்ப்பாளைப் போட்டீர்களா? போடுங்கள். உங்களை ஆழம் பார்க்கிறார்கள், தாழ்ப்பாளுக்கே வழியில்லாதவரிடம் மெஷினைப் பற்றி யார் வாய் திறப்பார்? டொயோட்டா ஆலையில், லைனில் கோளாறு கண்ட தொழிலாளி அங்கே கட்டியிருந்த கயிற்றை இழுத்தால் டீம் லீடர் உடனே ஓடி வருவார். அந்தக் கயிற்றுக்கு மதிப்பு இருந்தது, இழுத்தால் ஆள் வந்தது என்பதால். எங்கள் மில் பெட்டியின் சாவி தொலைந்து இரண்டு வருடம் யாரும் தேடவில்லை. உடைத்தபோது உள்ளே பல்லி முட்டை, ஒரு டவுன் பஸ் டிக்கெட், அப்புறம் டிராலிச் சக்கரத்தை எப்படி மாற்றலாம் என்று பென்சிலில் படம் போட்ட ஒரு தாள். அதே மாற்றத்தை முந்தின மாதம்தான் வெளியாளுக்குப் பணம் கொடுத்துச் செய்திருந்தோம். படம் போட்டவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார்.

கே: என் டீமில் பெண் ஒருவர், சீனியர் ஒருவர் தவறாகப் பேசுவதாகச் சொன்னார். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடலாமா?

ப: கூடாது. இது பஞ்சாயத்து விஷயமே இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ம் வருடச் சட்டம் இருக்கிறது. 10 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். எழுத்தில் புகார், பொதுவாக மூன்று மாதத்துக்குள். சமரசம் என்பது அவரே கேட்டால் மட்டும், குழு வழியாக மட்டும், அப்போதும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. உங்கள் வேலை, குழு எங்கே என்று அவருக்குச் சொல்வதும், அவர் பெயரை வெளியே விடாமல் இருப்பதும்.

கே: மீட்டிங்கில் எல்லோரும் சரி சரி என்கிறார்கள். வெளியே போனதும் யாரும் செய்வதில்லை.

ப: ஜெர்ரி ஹார்வி என்ற பேராசிரியர் 1974ல் எழுதிய தன் குடும்பக் கதை ஒன்று உண்டு. டெக்சாஸில் நல்ல வெயிலில், மாமனார் அபிலீன் ஊருக்குப் போய்ச் சாப்பிடலாமா என்றார். ஏசி இல்லாத காரில் 53 மைல், எல்லோரும் சரி என்று போய்ப் புழுதியோடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது, சொன்னவர் உட்பட ஒருவருக்கும் போக ஆசை இல்லை. உங்கள் மீட்டிங்கில் முதலில் பேசுவது யார், நீங்கள்தானே? கடைசியில் பேசிப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் பேச்சை ஆரம்பியுங்கள். கூடி உட்கார்ந்து யோசிப்பதைவிடத் தனித்தனியே யோசித்துச் சேர்த்தால் யோசனை அதிகம் வருகிறது என்று டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1987லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். இன்னொன்று கேரி க்ளைன் என்ற உளவியலாளர் சொன்னது: “ஆறு மாதம் ஆகிவிட்டது, இந்தத் திட்டம் ஊத்திக்கொண்டது, ஏன் என்று எழுதுங்கள்” என்று கேளுங்கள். “எதிர்ப்பு உண்டா” என்று கேட்டால் வாய் திறக்காதவர்கள் இதற்குப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். முடிவு எல்லோருக்கும் பிடித்திருக்க வேண்டும் என்று இல்லை, “எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் செய்வேன்” என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அது போதும்.

கே: கூட்டத்துக்குத் தட்டுவடை செட் வாங்கி வைக்கலாமா அக்கா?

ப: வாங்குங்கள், முடிந்த பிறகு கொடுங்கள். நொறுக்குகிற சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழாது.