மகளோட பிஎச்டி பத்தி கவலைப்படுற அக்காவுக்கு

அக்கா, உங்க மெசேஜ் பாத்தேன். அஞ்சு வருஷம் அமெரிக்கால ரிஹாபிலிடேஷன் கவுன்சலிங்ல பிஎச்டி படிச்சிட்டு, இங்க சிங்கப்பூருக்கு வந்து உங்க மக சும்மா உக்காந்துருவாளோன்னு கேட்டிருந்தீங்க. பயம் வர்றது சகஜம்தான், ஏன்னா அந்தப் பேர்ல ஒரு டிபார்ட்மென்டு இங்க உள்ள பெரிய யுனிவர்சிட்டிங்களான என்யுஎஸ்லயும் இல்ல என்டியுலயும் இல்ல.

இது என்ன படிப்புன்னு சொந்தக்காரங்க கேட்டா இப்படிச் சொல்லுங்க. ஸ்ட்ரோக் வந்து இடது கைய தூக்க முடியாத ஒரு பஸ் கேப்டன், அதான் பஸ் ஓட்டுறவர், இருக்காருன்னு வைங்க, கைக்குப் பயிற்சி குடுக்கறது தெரப்பிஸ்ட் வேல, ஆனா இனிமே அவரால என்ன வேல பாக்க முடியும், டிப்போவுல உக்காந்து செய்யற வேல இருக்கா, கம்பெனி ஷிஃப்ட மாத்திக் குடுக்குமா, நான் இனிமே எதுக்கு லாயக்குன்னு மனசு விட்டுப் போயிருக்கவர எப்படித் தேத்துறது, இதெல்லாத்தையும் சேத்துப் பாக்கறவங்கதான் ரிஹாபிலிடேஷன் கவுன்சலருங்க. அமெரிக்கால மாற்றுத்திறனாளிகள வேலைக்குத் தயார் பண்றதுக்கான 1954 சட்டத்துக்கு அப்புறம் இந்த ஆளுங்கள உருவாக்க யுனிவர்சிட்டிகளுக்கு அரசாங்கக் காசு போச்சு, அதான் அங்க இது வேரூன்றின துறை.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும், வெறும் கவுன்சலரா வேல பாக்க மாஸ்டர்ஸே போதும், சிஆர்சிங்கிற ரிஹாபிலிடேஷன் கவுன்சலர் சர்டிஃபிகேட்டும் அதுலயே வாங்கிடலாம். பிஎச்டிங்கிறது கவுன்சலர்களுக்குப் பாடம் எடுக்க, சூப்பர்வைஸ் பண்ண, ஆராய்ச்சி செய்ய. அதனால இப்ப மூணாவது வருஷத்துல அவ டீச்சிங் அசிஸ்டென்டா மார்க் போட்டுட்டு மட்டும் இருக்கக் கூடாது, ஒரு கோர்ஸாவது முழுசா தன் பேர்ல எடுத்திருக்கணும், பேப்பர் ஒண்ணு ரெண்டு வெளிய வந்திருக்கணும். அங்க ஃபேகல்டி வேலைக்கு ஆகஸ்ட் செப்டம்பர்லயே விளம்பரம் வர ஆரம்பிச்சிடும், சேர்றது அடுத்த ஆகஸ்ட்தான், அதனால படிப்பு முடிஞ்சதும் தேடிக்கலாம்னு இருந்தா ஒரு வருஷம் போயிடும். அங்க வேல பாக்கற விசாவுக்கு சிங்கப்பூர்க்காரங்களுக்குன்னே எச்-1பி1னு ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு 5,400 பேர் வரைக்கும் தர்றாங்க. அப்புறம் அவ ஃபிரெண்டுக்குக் கெடைச்ச ஃபெடரல் ஸ்காலர்ஷிப் இவளுக்கு ஏன் கெடைக்கலன்னு கேட்டீங்கல்ல, அது அமெரிக்க சிட்டிசனுக்கும் கிரீன் கார்டு உள்ளவங்களுக்கும்தான், பாவம் அவளத் திட்டாதீங்க.

சரி, இங்க வந்தா? 2030க்குள்ள வேல பாக்கற வயசுல உள்ள மாற்றுத்திறனாளிகள்ல 40 சதவீதம் பேர வேலையில வைக்கணும்னு எனேபிளிங் மாஸ்டர்பிளான்ங்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் திட்டத்துல எழுதி வச்சிருக்காங்க, வேலையில பாகுபாடு காட்டக் கூடாதுங்கிற வொர்க்ப்ளேஸ் ஃபேர்னஸ் சட்டமும் 2025 ஜனவரில பாஸாச்சு, அதுல உடல் குறைபாடும் மனநலமும் இருக்கு. இதையெல்லாம் நடத்த, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலையில கைகுடுக்கற ஜாப் கோச்சுங்களுக்கு யாராச்சும் டிரெய்னிங் குடுத்துதானே ஆகணும்? வேல இருக்கும், பேருதான் வேறயா இருக்கும். எஸ்யுஎஸ்எஸ் யுனிவர்சிட்டியோட கவுன்சலிங் பக்கம், டீச்சர்களுக்குப் பயிற்சி குடுக்கற என்ஐஇ, எஸ்ஐடி யுனிவர்சிட்டி, ஆஸ்பத்திரிங்கள்ல நோயாளிகள திரும்ப வேலைக்கு அனுப்ப உதவுற ரிட்டர்ன்-டு-வொர்க் டீம், இப்படித்தான் தேடணும். நேரா "ரிஹாபிலிடேஷன் கவுன்சலர்"னு டைப் பண்ணிப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னு அழக்கூடாது.

என்னக் கேட்டா, திரும்பி வரலாமா வேணாமான்னு இப்பவே முடிவெடுக்க வேணாம். டிசர்டேஷனுக்கு, அதான் பிஎச்டி ஆய்வுக்கு, சேக்கற டேட்டாவுல ஒரு பகுதிய சிங்கப்பூர்ல எடுக்கச் சொல்லுங்க. அங்க இன்டர்வியூல இது தனியாத் தெரியும், இங்க வந்தா ஆளுங்க ஏற்கனவே அவளத் தெரிஞ்சு வச்சிருப்பாங்க. ஆளுங்கள வச்சு ஆராய்ச்சி செய்ய வாங்க வேண்டிய எத்திக்ஸ் அப்ரூவலுக்கே மாசக்கணக்கா இழுக்கும், அதனால இந்த ஜூன் லீவுல வரும்போது சொந்தக்காரங்க வீடு வீடா கூட்டிட்டுப் போகாம லெங்கோக் பாரு எனேபிளிங் வில்லேஜுக்கு அனுப்புங்க, மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்ஜி எனேபிள் அமைப்போட ஆபீஸ் அங்கதான், முன்னாடியே ஈமெயில் போட்டுட்டுப் போகட்டும்.

ஆய்வுத் திட்டத்த கமிட்டி முன்னாடி வச்சு ஒப்புதல் வாங்கிட்டாளான்னு, அதான் ப்ரொபோசல் டிஃபெண்ட் பண்ணிட்டாளான்னு, கேட்டுச் சொல்லுங்கக்கா, இன்னும் பண்ணலன்னா டாப்பிக்க லேசா மாத்த டைம் இருக்கு.