கடைகளுக்கு ஈடாக எவ்வளவு அலுவலகம்? நகர மையத் திட்ட மாற்றம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: நகர மையத்தில் கடை வளாகம் கட்ட ஒப்புதல் பெற்றவர், புதிய போக்குவரத்து ஆய்வு செய்யாமலே அதை அலுவலகமாக மாற்றிக்கொள்வது எப்படிச் சாத்தியமாகிறது?

பதில்: ஒப்புதலின்போது, உச்ச நேரத்தில் அந்த வளாகத்திற்கு வந்து போகும் வாகனப் பயணங்கள் இத்தனை என்று கணக்கிட்டு, அவற்றைச் சாலைகள் தாங்கும் என்று ஏற்றிருப்பார்கள். அந்த எண்ணிக்கை கூடாத வரை பயன்பாட்டை மாற்றலாம் என்னும் அட்டவணை, அமெரிக்காவில் பல பெருந்திட்டங்களின் ஒப்புதலிலேயே இடம்பெறுகிறது. அங்கே பெரும்பாலும் போக்குவரத்துப் பொறியாளர் கழகமான ஐடிஇ வெளியிடும் பயண உருவாக்கக் கையேட்டின் சராசரிகளையே எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: 2,00,000 சதுர அடிக் கடைகளுக்கு எவ்வளவு அலுவலகம் கிடைக்கும்?

பதில்: எந்த உச்ச நேரத்தைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை நான்கு மடங்கு மாறும். 2021இல் வந்த 11ஆம் பதிப்பின்படி, பெரிய கடை வளாகம் ஆயிரம் சதுர அடிக்கு மாலையில் மணிக்கு 3.40 பயணங்களையும், காலையில் 0.84 பயணங்களையும் உண்டாக்குகிறது. பொது அலுவலகத்திற்கு அவை முறையே 1.44, 1.52. மாலைக் கணக்கில் 680 பயணங்களுக்கு ஈடாக ஏறத்தாழ 4,72,000 சதுர அடி அலுவலகம் கிடைக்கிறது. காலைக் கணக்கிலோ 168 பயணங்களுக்கு 1,10,500 சதுர அடிதான் தேறும். கடைகள் திறக்கும் முன்பே அலுவலகம் நிரம்பிவிடுவதால், மாலையை மட்டும் வைத்து எழுதிய அட்டவணை காலைச் சாலையை அடைத்துவிடும். இரண்டில் சிறிய எண்ணையே ஏற்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மேலும், கடைகளுக்கு வருவோரில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களைக் கழித்த பிறகே ஈடு பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் திட்டத்தில் கடைகள் இல்லை, 200 அடுக்குமாடி வீடுகள்தான். அப்போதும் இதே சிக்கல் வருமா?

பதில்: எண்ணிக்கையில் சிக்கல் குறைவு, திசையில் அதிகம். நான்கு முதல் பத்து மாடிக் குடியிருப்பில் வீடு ஒன்றுக்குக் காலையில் 0.37, மாலையில் 0.39 பயணங்கள் என்பதால், காலைக் கணக்கில் 48,700, மாலைக் கணக்கில் 54,200 சதுர அடி அலுவலகம் கிடைக்கும். ஆனால் காலையின் 74 பயணங்களில், வீடுகளாக இருந்தால் சுமார் 17 மட்டுமே உள்ளே வரும். அலுவலகமானால் சுமார் 65 உள்ளே வரும். மொத்தம் மாறாவிட்டாலும், நுழைவாயிலுக்குத் திரும்பும் தடத்தில் வரிசை நீளும். ஆகவே சந்திப்புகளைத் தனியாகச் சோதிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நகர மையத்தில் பலர் ரயிலிலும் நடந்தும் வருகிறார்களே, அதற்காகப் பயணக் கணக்கில் கழிவு, அதாவது குறைப்பு, உண்டா?

பதில்: உண்டு. கையேட்டின் தரவுகளில் பெரும்பகுதி, கார் நிறுத்துமிடம் தாராளமாக உள்ள புறநகர் இடங்களில் எடுக்கப்பட்டவை. ஆனால் பழைய திட்டத்தைக் கழிவின்றியும் புதிய அலுவலகத்தைக் கழிவோடும் கணக்கிட்டால், சாலையில் இல்லாத இடத்தைக் கணக்கில் உண்டாக்கியதாகிவிடும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும்.

கேள்வி: பயணக் கணக்குச் சரியாக வந்தால் மாற்றத்தை அனுமதித்துவிடலாமா?

பதில்: கூடாது. குடிநீர், கழிவுநீர், வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றுக்குத் தனிக் கணக்குகள் வேண்டும். வீடுகள் இத்தனைக்குக் கீழே போகக் கூடாது என்னும் வரம்பையும் அதே அட்டவணையில் எழுதிவிடுங்கள். பின்னர் அதைச் சேர்க்க வேண்டுமானால் ஒப்புதலையே திருத்த வேண்டியிருக்கும்.