முகலாய ஆல்பத்தின் எழுத்துப் பக்கம்: கேள்வி பதில்

ஷாஜகான் காலத்து ஆல்பம் ஒன்றின் தாளைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். கெவோர்க்கியன் ஆல்பம் என்று பெயர். மொத்தம் 50 தாள்கள். 41 நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், 9 வாஷிங்டனில். ஒரு பக்கம் படம், மறுபக்கம் எழுத்து: சாய்த்து எழுதிய நான்கு வரிக் கவிதை. படத்துக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, இப்படிப்பட்ட ஆல்பங்களைத் தாள் தாளாகப் பிரித்து விற்கும் வியாபாரிகளைத் திட்டியும் இருந்தேன். வந்த கேள்விகளில் பாதி அந்த எழுத்தைப் பற்றித்தான். பழந்தாள் பராமரிப்புதான் என் தொழில். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அந்த உருதுக் கவிதைக்கு என்ன பொருள்?

அது உருது இல்லை, பாரசீகம். முகலாய அரசவையின் எழுத்துமொழி அதுதான். எழுத்து வடிவத்தின் பெயர் நஸ்தலீக். இன்றைய உருதுவும் அதே வடிவத்தில் அச்சாவதால் குழப்பம் வருகிறது.

கேள்வி: கோடே தெரியவில்லை. வரிகள் எப்படி இவ்வளவு ஒழுங்காக வந்தன?

கோடு இருக்கிறது, மையில் இல்லை, அவ்வளவுதான். மிஸ்தர் என்று ஓர் அட்டை. வரி வேண்டிய இடங்களில் நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். தாளை அதன்மேல் வைத்து விரலால் தேய்த்தால் நூலின் தடம் மெல்லிய பள்ளமாகப் பதியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் சில தாள்களில் இன்றும் அந்தத் தடம் தெரியும்.

எழுத்தின் அளவுக்கும் கணக்கு உண்டு. நாணல் பேனாவின் நுனியைச் சாய்வாக வெட்டி ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளிதான் அளவுகோல். அலிஃப் என்ற முதல் எழுத்து மூன்று புள்ளி உயரம். பேனா தடிமனானால் எல்லா எழுத்தும் அதே விகிதத்தில் பெரிதாகும்.

அப்புறம் தாள். கஞ்சி தடவி, காயவைத்து, வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்த்திருப்பார்கள். பேனா தடங்கலில்லாமல் வழுக்கிப் போவது அதனால்தான். மை, விளக்குப் புகைக்கரியும் வேலம்பிசினும். அது தாளுக்குள் அவ்வளவாக இறங்காது, மேலேயே உட்கார்ந்திருக்கும். தப்பாக எழுதினால் ஈரத்தால் துடைத்துவிட முடியும் என்பது எழுதுகிறவருக்கு வசதி. நமக்கு அதுவே ஆபத்து. தயவுசெய்து பழைய தாளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நானூறு ஆண்டு எழுத்து ஒரே இழுப்பில் போய்விடும்.

கேள்வி: ஜெய்ப்பூரில் தாத்தா வாங்கிய ராஜா ராணிப் படம். பின்னணியில் இதே மாதிரி எழுத்து. என்ன விலை போகும்?

விலை சொல்வது என் வேலை இல்லை. ஒரு லென்ஸ் எடுத்து, வண்ணம் எழுத்தின் மேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், பழைய புத்தகத் தாளை வாங்கி அதன்மேல் அண்மையில் வரைந்திருக்கலாம். சுற்றுலாக் கடைகளில் இது சகஜம். எதுவானாலும் லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள்.

கேள்வி: எழுதியது யார்? ஷாஜகானின் எழுத்தரா?

அந்த ஆல்பத்தின் எழுத்துப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் கையொப்பம் மீர் அலீயுடையது. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத்தைச் சேர்ந்தவர். ஷாஜகான் பிறந்தது 1592இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவர் இறந்துவிட்டார். 1520களின் இறுதியில் ஹெராத்தைப் பிடித்த உஸ்பெக்குகள் அவரை இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாராவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் பெயரில் வழங்கும் ஒரு கவிதை, அழகாக எழுதக் கற்றதே தன் காலுக்கு விலங்காகிவிட்டது என்று புலம்புகிறது. ஊர் திரும்ப முடியாத அந்த மனிதரின் தாள்களைத்தான் முகலாய அரசர்கள் தேடித்தேடிச் சேர்த்தார்கள்.

கையொப்பத்தை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். பெரிய ஆசானின் தாளைப் பெயரோடு சேர்த்து அப்படியே எழுதிப் பழகுவது அந்தக் கல்வியின் ஒரு பகுதி.

கேள்வி: படத்துக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி?

நூல் வேறு, ஆல்பம் வேறு. அக்பருக்காக 1595இல் முடித்த பாரசீகக் கவிஞர் நிஜாமியின் கம்ஸா என்ற கவிதை நூலில் படம் கதையைத்தான் சொல்கிறது. ஆல்பம் அப்படியில்லை. வெவ்வேறு காலத்துத் தாள்களைச் சேர்த்து ஒட்டித் தொகுப்பது. விரித்தால் படத்துக்கு எதிரே படம், எழுத்துக்கு எதிரே எழுத்து வரும்படி அடுக்குவார்கள்.

கேள்வி: மீர் அலீயின் வரிகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் கவிதைத் துண்டுகள் இருக்கின்றனவே?

வேறொரு நூலிலிருந்து வெட்டி எடுத்துச் சுற்றிலும் ஒட்டியவை.

கேள்வி: அப்படியென்றால் அரசரே புத்தகத்தை நாசம் செய்திருக்கிறார்! தாள் தாளாகப் பிரித்து விற்கும் வியாபாரியை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

இதே கேள்வியை நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வெட்டுப்பட்ட நூலுக்கு அது இழப்பே, மறுக்கவில்லை. ஆனால் அரண்மனைப் பட்டறையில் என்ன நடந்தது என்று பாருங்கள். நடுவில் சாய்த்து எழுதிய நான்கு வரி. எழுத்தைச் சுற்றி மேகம்போல் வெளி விட்டு, மிச்ச இடத்தில் பொன்னில் பூக்கள். அதற்கு வெளியே அந்தக் கவிதைத் துண்டுகள். அதையும் தாண்டி அகலமான கரை, அதில் வேரடியிலிருந்து மலர் வரை ஒவ்வொரு செடியும் தனித்தனியே. பழைய எழுத்தைக் கொண்டாட ஒரு தலைமுறைக் கலைஞர்கள் தங்கள் உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள். வியாபாரி பிரிக்கும்போது எதுவும் சேர்வதில்லை. எந்தத் தாளுக்கு எதிரே எந்தத் தாள் இருந்தது என்ற செய்தியும் அதோடு போய்விடுகிறது.

இன்னொருவர், "அன்று படம்தான் முக்கியம், எழுத்து வெறும் பின்பக்கம்" என்கிறார். இதை ஒப்பவே முடியாது. அக்பரின் அரசவை வரலாற்றாளர் அபுல் ஃபஸல், அவருடைய ஆட்சியை விவரிக்கும் ஆயினே அக்பரி என்ற நூலில் எழுத்துக்கலையைப் பேசிவிட்டுத்தான் ஓவியத்துக்கு வருகிறார். எழுத்துக் கலைஞர் முகமது ஹுசைன் காஷ்மீரிக்கு அக்பர் தந்த பட்டம் 'ஸர்ரீன் கலம்', அதாவது தங்கப் பேனா. அவர் 1582-83இல் ஃபதேபூர் சிக்ரியில் எழுதி முடித்த குலிஸ்தான் என்ற பாரசீக நூலின் கடைசியில் அவருடைய உருவமே இருக்கிறது, எதிரில் இளம் ஓவியர் மனோகர். பின்பக்க வேலைக்காரருக்கு இந்த மரியாதை கிடைக்குமா?

கேள்வி: நம் ஓலைச்சுவடி எழுத்தையும் இப்படி ஆராயலாமா?

எழுத்தாணி வேறு, மை வேறு, முறையும் வேறு. சுவடியியல் படித்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அந்த உருது வரியை மொழிபெயர்த்து…

பாரசீகம். முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: தாத்தா படத்தின் பின்னால் ஏதோ எழுத்து மங்கலாகத் தெரிகிறது. அட்டையிலிருந்து உரித்துப் பார்க்கவா?

உரிக்காதீர்கள். அட்டையோடு நிழலில் வையுங்கள், வெயில் படாமல். இரண்டு பக்கத்தையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு ஒரு பராமரிப்பாளரிடம் காட்டுங்கள். பிரிக்க வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.