மூத்திரம் அடைத்த கடுவன் பூனைக்குப் பிரஷர் இறங்குவது ஏன்?

சிறுநீர்ப்பை கல் மாதிரி இருக்கும்போது, அடைப்பை எடுக்க டியூப் போடாமல் முதலில் ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்களே, பிரஷர் ஏன் 80-க்கு இறங்கியது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் டாக்டர் செய்வது சரிதான்.

சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் தேங்கி இதயத்துடிப்பை மந்தமாக்கும். கிளினிக்கில் பயந்துபோன பூனைக்கு நிமிடத்துக்கு 180, 200 கூடத் துடிக்கும். 120-க்குக் கீழே போனால் ஆபத்து. வாந்தியும் பட்டினியும் சேர்ந்து உடம்பில் நீரும் வற்றியிருக்கும். இதனால்தான் பிரஷர் இறங்குகிறது. அந்த நிலையில், டியூப் போடக் கொடுக்கும் மயக்க மருந்தை இதயம் தாங்குவது கஷ்டம்.

எங்கள் கடுவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காது மடல் ஐஸாகக் குளிர்ந்திருந்தது. கால்சியம் குளுக்கோனேட் ஊசி போட்ட சில நிமிடங்களில் துடிப்பு ஏறியது. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் கொஞ்ச நேரக் காவல், அவ்வளவுதான். அதனால் நிலைமை சற்றுத் தேறியதும் அடைப்பை எடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஓரிரு நாள் சிறுநீர் கொட்டும். அதற்கு ஈடாக ட்ரிப்ஸ் ஏறாவிட்டால் பிரஷர் மறுபடி இறங்கும். தயவுசெய்து அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் மண்தட்டில் உட்கார்ந்து முக்கியும் சொட்டுகூட வரவில்லை என்றால், நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு போங்கள்.