வரிசையில் நிற்கவா கூட்டி வந்தீர்கள்?

*சின்னப் பிள்ளைகளின் கால்பந்து பற்றி வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், காங்கயம் வட்டாரத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது வாரம் மூன்று நாள் பொழுதோட பொடுசுகளுக்குக் கால்பந்து சொல்லித் தருபவர்.*

என் மகனுக்கு ஆறு வயது. ஆசையாகக் கால்பந்துப் பயிற்சியில் சேர்த்தேன். இரண்டே மாதத்தில், சாயங்காலம் ஆனால் "வயிறு வலிக்குதும்மா" என்று அழுகை. அதட்டி அனுப்பலாமா, நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், வெள்ளகோவில்

இரண்டும் அவசரம், அம்மணி. ஒரு நாள் நீங்களே போய் ஓரமாக உட்காருங்கள். கையில் ஒரு பிடி புளியங்கொட்டை இருக்கட்டும். பையன் காலில் பந்து படும்போதெல்லாம் ஒரு கொட்டையை மடியில் போடுங்கள். முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். வயிற்று வலிக்குக் காரணம் அநேகமாக மடியில் இருக்கும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஓய்வு பெற்ற முதல் வருடம், இருபது பிள்ளைகள், மூன்று பந்து. பள்ளிக்கூடப் பழக்கத்தில் மூன்று வரிசை போட்டுவிட்டேன். முதல் ஆள் பந்தை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருவான், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு பொடியன் கால் கட்டைவிரலால் எறும்புப் புற்றுக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். அதட்டினேன். மறுநாள் அவன் வரவில்லை. நாலு நாள் கழித்து அவனுடைய அப்பாரு கடைவீதியில் என்னை நிறுத்தி, "ஏனுங் வாத்தியாரே, பந்து விளையாடத்தானுங்க அனுப்புனோம். க்யூவுல நிக்கறதுக்கு ரேசன் கடைக்கே கூட்டிட்டுப் போயிருப்பனுங்களே" என்றார்.

அன்றைக்கு மைதானத்தில் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனித்து எண்ணினேன். முக்கால் மணி நேரத்தில் பதினாலு தடவை பந்தைத் தொட்டிருந்தான். வீட்டு வாசலில் தனியாகச் சுவரில் உதைத்தால் இரண்டு நிமிடத்தில் அதைத் தாண்டிவிடுவான். அத்தோடு வரிசைக்கு முழுக்குப் போட்டேன். இப்போது ஆளுக்கொரு பந்து. இல்லாத நாளில் இரண்டு பேருக்கு ஒன்று. அதற்கு மேல் கிடையாது.

உங்கள் பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "சார், நான் ரெண்டு பந்து வாங்கித் தரட்டுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். புரிந்துகொள்கிறவருக்கு அதுவே போதும். அப்புறமும் வரிசைதான் என்றால், கட்டின பணம் போகட்டும், பையனைக் கூட்டி வந்துவிடுங்கள். வாசலில் ஒரு பந்து, எதிரில் நீங்களோ அவன் அப்பாவோ. ஒரு வருடத்துக்கு அது போதும்.

ஊத்துக்குளிப் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். வகுப்பில் 24 பேர், பள்ளியில் நாலு பந்து, கல்லும் முள்ளுமாக ஒரு மைதானம். கால்பந்து விதிகூட எனக்குத் தெரியாது. எப்படித் தொடங்குவது?

விதி தெரியாதது நல்லதாகப் போயிற்று டீச்சர். ஆறு ஏழு வயதில் ஆஃப்சைடு மாதிரி சிக்கலான விதியைச் சொல்லிக் கொடுக்கும் ஆசை உங்களுக்கு வராது.

முதலில் நெருஞ்சி முள். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பீரியட் முழுக்கப் பொறுக்குங்கள். பந்துக்கும் காலுக்கும் அதுதான் எதிரி. அடுத்தது பந்து. உங்கள் ஊரைச் சுற்றிப் பனியன் கம்பெனிக்குப் பஞ்சமில்லை. கட்டிங் வேஸ்ட் துணியை இறுக்கி உருட்டிச் சணலால் கட்டினால் பந்து. துள்ளாது, தூரம் ஓடாது, சின்னக் காலுக்கு அடங்கி இருக்கும். அதே துணியில் கலர் கலராகக் கிழித்தால் டீம் பிரிக்கத் தோள் பட்டை. எல்லை வைக்கத் தேங்காய்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை வெறுங்காலோடு மிதித்து ரத்தம் வந்த பிறகு விட்டுவிட்டேன். பழைய செருப்பை வையுங்கள்.

எங்கள் மைதானத்தில் எப்போதும் கேட்டு வாங்கும் விளையாட்டு பஸ். நான்கு மூலைக்கும் திருப்பூர், ஈரோடு, கரூர், தாராபுரம் என்று பெயர். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பஸ், பந்துதான் சக்கரம். நான் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் உள்ளங்காலால் பந்தை அமுக்கி நிற்க வேண்டும். இரண்டு விசில், ரைட்! "கரூர்" என்று கத்தினால் எல்லா வண்டியும் கரூருக்கு. நடுவில் சட்டென்று "தாராபுரம்" என்றால் பந்தோடு திரும்ப வேண்டும். "டீசல்" என்றால் தண்ணீர் குடிக்க ஓட்டம். சித்திரை வெயிலில் டீசலை அடிக்கடி போடுங்கள், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பாப்பா தானாகவே ஒன்று சேர்த்தாள்: "கண்ணபுரம் சந்தைக்குப் போற காளை குறுக்கால வருது!" எல்லா வண்டிக்கும் சடன் பிரேக். அதிலிருந்து அவள்தான் பாதி நாள் கண்டக்டர்.

"தலையைத் தூக்கி ஓடு, பந்தையே பார்க்காதே" என்று நான் ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒருவனும் தூக்கவில்லை. இரண்டு பஸ் மோதி நெற்றி வீங்கியதும் எல்லாரும் தூக்கிவிட்டார்கள்.

அப்புறம் நரியும் குட்டியும். மைதானம்தான் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். பிள்ளைகள் ஆட்டுக்குட்டிகள். ஒரு வேலியிலிருந்து எதிர் வேலிக்குப் பந்தோடு போக வேண்டும், நடுவில் ஒரு நரி. பந்தைப் பறிகொடுத்த குட்டியும் நரியாகிவிடும். "அவுட், போய் உட்கார்" மட்டும் எங்கேயும் வேண்டாம் டீச்சர். முதலில் அவுட் ஆகிறவன் சரியாக வராதவன்தானே? அதிகம் விளையாட வேண்டியவன் அவன்தான். அவனை உட்கார வைத்துவிட்டு, ஏற்கெனவே நன்றாக ஓட்டுகிறவனை இன்னும் ஓட விடுவதில் என்ன நியாயம்?

கடைசிப் பதினைந்து நிமிடம் மேட்ச். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று விட்டால் ஈ மொய்த்த மாதிரி ஒரே பந்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். 24 பேரை மூன்றுக்கு மூன்றாகப் பிரியுங்கள். நாலு குட்டி மைதானம், ஒவ்வொன்றும் இருபது காலடி நீளம் இருந்தால் போதும். உங்கள் நாலு பந்தும் கணக்காகச் சரி.

ஏழு வயது மகனுக்குப் பந்து வாங்கப் போனேன். "வளர்ற பையன், அஞ்சாம் நம்பரே வாங்கிக்கங்க" என்றார் கடைக்காரர். சரிதானே?
– பெருந்துறை வாசகர்

பள்ளிக்கூடச் சட்டையை இரண்டு விரல் பெரிதாகத் தைக்கிற கணக்கு! பந்துக்கு அது ஆகாது. ஐந்தாம் நம்பர் பெரியவர்களுடையது, 410 முதல் 450 கிராம் எடை. மூன்றாம் நம்பர் 300 கிராமை ஒட்டி இருக்கும். உங்கள் மகன் எட்டு வயது வரை மூன்று, பிறகு பன்னிரண்டு வரை நான்கு, அதற்கு மேல்தான் ஐந்து. பெரிய பந்தைச் சின்னக் காலால் உதைத்தால் கட்டைவிரல் நுனியால்தான் குத்த வரும், அந்தப் பழக்கத்தை மாற்ற நான் படும் பாடு எனக்குத் தெரியும். காற்றையும் கல் மாதிரி ஏற்றாதீர்கள்.

தலையால் முட்டுவதை எந்த வயதில் தொடங்கலாம்?
– தாராபுரம் வாசகர்

இப்போது வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-ல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதைத் தடை செய்தது. இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலைமுட்டு கிடையாது. நம் பிள்ளைகள் மண்டையும் அதே மண்டைதான்.

உங்கள் மைதானத்தில் எந்நேரமும் கூச்சலும் சிரிப்பும்தான். ஒழுங்கு இல்லை, எக்சர்சைஸ் இல்லை. இப்படியே போனால் எப்போது கப்பு ஜெயிப்பது?
– ஒரு தகப்பனார், காங்கயம்

வேலிக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து "ஷூட் பண்றா, ஷூட் பண்றா" என்று கத்துகிறவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். எழுத்திலேயே குரல் கேட்கிறது. கோவிக்க வேண்டாம்.

நாலு தடவை உலகக் கோப்பை ஜெயித்த நாடு ஜெர்மனி. அங்கே 2024-25 சீசனிலிருந்து ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மூன்று ஆட்டம்தான், நாலு குட்டி கோல் வைத்து. புள்ளிப் பட்டியலும் கிடையாது. கப்பு ஆசை இல்லாதவர்களா அவர்கள்? ஆள் குறைந்தால் ஒவ்வொரு காலுக்கும் பந்து வரும், அதுதான் கணக்கு.

இன்னொன்றும் சொல்கிறேன். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் பத்துப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போனேன். சென்னை சிட்டி அணிக்கு அந்த சீசனில் கோவைதான் சொந்த மைதானம், மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் ஐ-லீக் என்கிற தேசியப் போட்டியின் கப்பு. ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டார்கள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இடைவேளையில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஒரு பிள்ளையைக்கூடக் காணோம். கேலரிப் படிக்குக் கீழே, நசுங்கின தண்ணீர் பாட்டிலை வைத்து ஐந்துக்கு ஐந்து! அதட்டி இழுத்து வந்து உட்கார வைத்தேன். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்து, ஸ்டேடியமே எழுந்து நின்றது. மூன்றாவது கோல் விழுந்ததை நான் பார்த்தேன். அவர்களில் நாலு பேர் மறுபடியும் படிக்குக் கீழே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வாருங்கள். நரி வேலைக்கு ஆள் தேவை.

எனக்கு ஒன்பது வயது. நான் குண்டாக இருக்கிறேன் என்று எப்பவும் என்னையே கோல்கீப்பராக நிற்க வைக்கிறார்கள். எனக்கு ஓடத்தான் பிடிக்கும்.
– நான்காம் வகுப்பு மாணவன், சென்னிமலை

கண்ணு, உன் வயதில் நானும் அதே காரணத்துக்காக அங்கேதான் நின்றேன். பந்து வராத நேரத்தில் கோல் கம்பத்தில் துருவைச் சுரண்டிக்கொண்டு இருப்பேன்.

எங்கள் மைதானத்தில் குட்டி கோலுக்குப் பெரும்பாலும் கீப்பரே கிடையாது. வைத்தால் நாலு நிமிடத்துக்கு ஒரு முறை கையுறை கை மாறும், எனக்குக்கூட ஒரு முறை வரும். உங்கள் சாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. காட்டக் கூச்சமாக இருந்தால் அம்மாவைக் காட்டச் சொல். லீவு நாளில் காங்கயம் பக்கம் வந்தால் அம்மாவோடு மைதானத்துக்கு வா. பந்து கொண்டு வருவதாக இருந்தால், உனக்கு நாலாம் நம்பர்.